கடல் உறையும் வரை

விலங்குகளைப் பார்ப்பதற்காகப் பயணம் போவதும், அவற்றைப் பிடித்துவந்து பார்ப்பதும் மனிதர்க்குப் பழைய வழக்கங்களே. 1252ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றிக்கு நார்வே அரசரிடமிருந்து ஒரு வெள்ளைக் கரடி அன்பளிப்பாக வந்து சேர்ந்தது. அது இலண்டன் கோட்டையில் வைத்து வளர்க்கப்பட்டது. நாளொன்றுக்கு 4 பென்ஸ் அதற்குப் படி. வாய்க்கு ஒரு கட்டும், ஓர் இரும்புச் சங்கிலியும், தேம்ஸ் ஆற்றில் அது மீன்பிடிக்கும்போது பிடித்துக்கொள்ள நீளமான ஒரு கயிறும் செய்து தரவேண்டும் என்று நகர அதிகாரிகளுக்கு அரசாணை போயிற்று. அந்தக் கரடி பனிக்கரடியாகவே இருக்கவேண்டும் என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. கயிற்றின் ஒரு முனையில் கரடி, மறுமுனையில் காவலன், கரையில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்று அக்காட்சியை நாம் கற்பனை செய்துகொள்ளலாம்.

ஏறத்தாழ 770 ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று கரடி தன் இடத்திலேயே இருக்க, மனிதர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். கனடாவின் மானிடோபா மாநிலத்தில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் உள்ள சர்ச்சில் என்னும் சிற்றூர் அப்படிப்பட்ட பயணங்களின் தலைநகரம். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 870. ஊருக்குச் சாலை கிடையாது. வின்னிபெக் நகரிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் இரயிலில் போகவேண்டும், இல்லையேல் விமானம். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உலகின் பல திசைகளிலிருந்தும் மனிதர்கள் அங்கே போய்ச் சேர்கிறார்கள். அவர்கள் அங்கே பார்ப்பது என்ன, பார்க்கத் தவறுவது என்ன என்னும் கேள்வியோடு அவ்வூரின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

பெயரிலிருந்து தொடங்கலாம். தமிழில் நாம் பனிக்கரடி என்கிறோம், துருவக்கரடி என்றும் சொல்கிறோம். நம் பழைய இலக்கியத்தில் பனி என்பது பெரும்பாலும் புல்நுனியில் தங்கும் துளி; முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயரானது. கடலே கல்லாகும் அனுபவம் நம் மொழிக்கு வாய்த்ததில்லை. ஹட்சன் விரிகுடாவின் தென்மேற்குக் கரையில் வாழும் கிரீ மக்கள் இவ்விலங்கை 'வாபுஸ்க்' என்கிறார்கள். வெள்ளைக் கரடி என்று பொருள். இனுயிட் மக்களுக்கு இது 'நானுக்'. 1773இல் வடதுருவம் நோக்கிக் கப்பல் செலுத்திய கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ், மறு ஆண்டில் வெளியிட்ட பயண நூலில் இதைத் தனி இனமாக வகைப்படுத்தி 'உர்சஸ் மரிட்டிமஸ்' என்று பெயரிட்டார். கடற்கரடி என்பது அதன் பொருள். எல்லாப் பெயர்களிலும் இதுவே விலங்கின் வாழ்வுக்கு மிக நெருங்கிய பெயர் என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் இது நிலத்தின் விலங்கே அன்று. இதன் வயல் கடல்தான், உறைந்த கடல்.

ஹட்சன் விரிகுடா குளிர்காலத்தில் முழுவதும் உறையும். கோடையில் முழுவதும் உருகும். சீல் எனப்படும் கடல்நாய்களே பனிக்கரடிக்கு உணவு. அவை மூச்சுவிடுவதற்காகப் பனிக்கட்டியில் துளைகளை வைத்திருக்கும். அத்துளையருகே கரடி மணிக்கணக்காக அசையாமல் படுத்துக் கிடக்கும். வசந்தத்தில் கடல்நாய்கள் குட்டி ஈனும் காலமே கரடிகளுக்கு அறுவடைக்காலம். ஓராண்டுக்கான கொழுப்பின் பெரும்பகுதியை அந்தச் சில வாரங்களில் அவை சேர்த்துக்கொள்கின்றன. பனிக்கட்டி உருகியதும் கரையேறவேண்டும். கரையில் அவற்றுக்கு உரிய உணவு இல்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தபடி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கின்றன. ஒரு கரடி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையை இழக்கிறது.

கருவுற்ற பெண் கரடியின் தவம் இன்னும் கடுமையானது. கடல் மீண்டும் உறைந்தபின் மற்றவை வேட்டைக்குப் போகும், அது போகாது. உள்நாட்டில் கரிநிலத்தின் கரைகளில் தோண்டிய வளைக்குள் கிடந்து, குளிர்காலத் தொடக்கத்தில் குட்டி ஈனும். பிறக்கும் குட்டியின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. கண் திறவாத அவ்வுயிருக்குக் கொழுப்பு மிகுந்த பாலைத் தன் உடம்பிலிருந்தே உருக்கித் தரவேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குட்டிகளோடு வெளியே வந்து கடலை அடையும்போது அந்தத் தாய் சற்றேறக்குறைய எட்டு மாதங்கள் உண்ணாமல் இருந்திருக்கும். சர்ச்சிலுக்குத் தெற்கே இந்த வளைகள் நிறைந்த பரப்பு 1996இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கிரீ மொழியின் வாபுஸ்க் என்பதே அதன் பெயர்.

கடலின் மேற்குக் கரை ஓரமாகச் சர்ச்சில் ஆறு கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்புநீரைவிட விரைவில் உறைகிறது. எனவே அப்பகுதியில் பனிக்கட்டி முன்னதாகப் படிகிறது. கரடிகள் இலையுதிர்காலத்தில் அங்கே வந்து கூடுவதன் இரகசியம் இதுதான். ஊர் பின்னால் வந்தது. கரடிகளின் காத்திருப்புக்கூடத்தில் போய் மனிதர்கள் ஊர் கட்டிக்கொண்டார்கள்.

*

சர்ச்சில் ஆற்றின் முகத்துவாரத்தில் முதலில் குளிர்காலத்தைக் கழித்த ஐரோப்பியர் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள். இங்கே நம் மண்ணோடு ஒரு தொடர்பு இருக்கிறது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் ஆசியாவின் வணிகத்தை விரும்பினார். அவர் காலத்தில் இரண்டு திசைகளில் கப்பல்கள் புறப்பட்டன. 1618இல் ஓவே ஜெடே தலைமையில் தெற்கே போன கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தன. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஏற்பட்டு, தரங்கம்பாடியில் டேனியக் கோட்டை எழுந்தது. 1619இல் யென்ஸ் முங்க் தலைமையில் வடமேற்கே போன இரண்டு கப்பல்கள் அதே ஆசியாவுக்குக் குறுக்கு வழி தேடி ஹட்சன் விரிகுடாவுக்குள் நுழைந்து, சர்ச்சில் ஆற்றின் முகத்துவாரத்தில் உறைபனியில் சிக்கிக்கொண்டன.

செப்டம்பரில் ஒரு வெள்ளைக் கரடி கப்பலருகே வந்தது. அதைச் சுட்டார்கள். இறைச்சியை இலேசாக வேகவைத்துப் புளிக்காடியில் ஊறவைத்து ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்ததாக முங்க் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். குளிர்காலம் முடிவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் மூவர் மட்டுமே உயிரோடு எஞ்சினர். உணவுக் குறைவால் வரும் ஸ்கர்வி நோயே காரணம் என்பது நெடுநாளைய விளக்கம். சரியாக வேகாத கரடி இறைச்சியிலிருந்த புழுக்களும் காரணமாகலாம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுற்றனர். முங்க் எஞ்சிய இருவருடன் சிறிய கப்பலைச் செலுத்திக்கொண்டு 1620இல் நார்வே போய்ச் சேர்ந்தார். தரங்கம்பாடியில் கோட்டைக்கு இடம் கிடைத்த அதே ஆண்டு அது.

அதன்பின் வந்தது ஹட்சன் விரிகுடாக் கம்பெனி. 1670இல் இங்கிலாந்து அரசரின் பட்டயம் பெற்ற அந்நிறுவனம் நீர்எலித் தோலுக்காக அலைந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அது எலியன்று, பீவர் என்னும் வேறொரு விலங்கு. தெனே மக்களுக்கும் கிரீ மக்களுக்கும் இருந்த நெடும்பகை வணிகத்துக்கு இடையூறாக இருந்தது. தனடெல்தூர் என்னும் தெனேப் பெண் அவ்விரு கூட்டத்தார்க்கும் இடையே தூது சென்று சமாதானம் செய்து வைத்தாள். அவள் 1717இல் இறந்தாள். அதே ஆண்டில்தான் சர்ச்சில் வணிகநிலையம் நிறுவப்பட்டது. கம்பெனியின் முன்னாள் ஆளுநரான மார்ல்பரோ பிரபு ஜான் சர்ச்சிலின் பெயரே ஆற்றுக்கும் ஊருக்கும் வாய்த்தது. வழி திறந்துவிட்ட பெண்ணின் பெயர் ஊருக்கு வைக்கப்படவில்லை.

பின்னர் அங்கே நாற்பதாண்டுக் காலம் கட்டப்பட்ட கற்கோட்டையை 1782இல் பிரெஞ்சுக் கடற்படை வந்து போரின்றிக் கைப்பற்றியது. அப்போது ஆளுநராக இருந்த சாமுவேல் ஹெர்ன் எழுதிய பயண நூல், அவர் மறைவுக்குப்பின் 1795இல் வெளிவந்தது. அதில் வடநாட்டு விலங்குகள் பற்றிய பகுதியில் வெள்ளைக் கரடிக்கும் இடம் உண்டு. கம்பெனியின் கண்ணுக்குக் கரடி ஒரு தோல். பயன்படாதபோது ஒரு தொல்லை. அதைப் பார்ப்பதற்காகவே ஒருவர் கடல் கடந்து வருவார் என்று சொல்லியிருந்தால் அக்காலத்து வணிகர்கள் சிரித்திருப்பார்கள்.

*

இருபதாம் நூற்றாண்டு சர்ச்சிலுக்கு இரும்புப் பாதையைக் கொண்டுவந்தது. 1929இல் இரயில் வந்தது. 1931இல் கோதுமை ஏற்றுமதிக்கான துறைமுகம் திறந்தது. 1942இல் அமெரிக்கப் படையினர் வந்து விமானத்தளம் அமைத்தார்கள். போர் முடிந்தபின்னும் ஆயிரக்கணக்கானோர் அத்தளத்தில் இருந்தனர். பின்னர் விண்வெளி ஆய்வு இராக்கெட்டுகளும் அங்கிருந்து ஏவப்பட்டன. இத்தனை பேர் ஓரிடத்தில் கூடினால் குப்பையும் கூடும். மாதக்கணக்கில் பசியோடு கிடக்கும் கரடிக்குக் காற்றில் வரும் குப்பைமேட்டின் வாடையே அழைப்பு.

அக்குப்பைமேட்டுக்கு இன்னொரு கூட்டமும் வந்தது. 1956இல் கனடிய அரசு, சாயிசி தெனே என்னும் மக்களை அவர்களுடைய உள்நாட்டு வாழிடத்திலிருந்து விமானத்தில் ஏற்றிச் சர்ச்சிலில் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் காரிபூ மான்களை அளவின்றிக் கொல்கிறார்கள் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். மான்கூட்டங்களின் பின்னே நடந்து வாழ்ந்தவர்கள், வேட்டையும் இல்லாமல் வேலையும் இல்லாமல், ஊர்ப்புறத்துக் குடிசைகளில் முடங்கினார்கள். உணவுக்காகக் குப்பைமேட்டைக் கிளறினார்கள். குளிர், தீ விபத்து, குடி, வன்முறை ஆகியவற்றால் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. 1973இல் எஞ்சியவர்கள் தாமாகவே புறப்பட்டு டடூல் ஏரிக்கரைக்குப் போய்ப் புதிதாகக் குடியேறினார்கள். மானிடோபா அரசு 2010இலும், கனடிய அரசு 2016இலும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டன.

சாயிசி தெனே மக்கள் புறப்பட்டுப்போன அதே எழுபதுகளில்தான் வெளியூர்க்காரர்கள் புகைப்படக் கருவிகளோடு அக்குப்பைமேட்டுக்கு வரத் தொடங்கினார்கள். புகையும் கரியும் படிந்த கரடிகள் குப்பை தின்னும் காட்சிதான் அவர்கள் கண்ட முதற்காட்சி. பசித்த மனிதர்கள் கிளறியபோது யாரும் பார்க்க வராத மேடு அது. சர்ச்சில் பயணங்களின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டுப் போவது நேர்மையாகாது.

கரடிகளுக்கும் அது நல்ல காலமன்று. 1968இல் ஊரில் ஓர் இளைஞர் கரடியால் கொல்லப்பட்டார். 1983இல் மற்றொருவர் இறந்தார். தீப்பிடித்த ஒரு விடுதியிலிருந்து இறைச்சியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தவர் அவர். ஊருக்குள் வந்த கரடிகள் பல சுட்டுக் கொல்லப்பட்டன. இதனிடையே வெளியுலகின் எண்ணம் மாறிக்கொண்டிருந்தது. 1973இல் ஆஸ்லோவில் கனடா, டென்மார்க், நார்வே, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய ஐந்து நாடுகளும் பனிக்கரடியைக் காக்க உடன்படிக்கை செய்துகொண்டன. பனிப்போர்க் காலத்தில் எதிரெதிர் அணியினர் ஒரு விலங்கின் பொருட்டு ஒரே தாளில் கையொப்பமிட்டது அரிய நிகழ்ச்சி.

சர்ச்சிலில் துப்பாக்கிக்கு மாற்றாக 1982இல் ஒரு சிறை வந்தது. கைவிடப்பட்ட பழைய இராணுவக் கட்டடம் ஒன்றைக் கரடிகளை அடைக்கும் இடமாக மாற்றினார்கள். ஊருக்குள் திரும்பத் திரும்ப வரும் கரடியைப் பொறிவைத்துப் பிடித்து அங்கே அடைப்பார்கள். தண்ணீர் தருவார்கள், உணவு தரமாட்டார்கள். உணவு கொடுத்தால் அதற்காகவே திரும்பிவரும் என்பது அனுபவம். சில வாரங்கள் கழித்து மயக்க மருந்து செலுத்தி, வலையில் வைத்து ஹெலிகாப்டரில் தூக்கிச்சென்று வடக்கே விடுவார்கள். அந்தரத்தில் தொங்கிப்போகும் கரடியைப் படமெடுக்கவும் பயணிகள் கூடுவதுண்டு. குப்பைமேடு 2005இல் மூடப்பட்டது. அவசரத்துக்கு யாரேனும் புகுந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அவ்வூரில் பலர் கார்க்கதவுகளைப் பூட்டுவதில்லை. அக்டோபர் 31 அன்று மாலையில் குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போகும்போது காவலர்கள் சுற்றிவருவார்கள். வெள்ளை உடையில் வேடம் போடக்கூடாது என்பது பெரியோர் அறிவுரை.

*

1979இல் உள்ளூர்க்காரரான லென் ஸ்மித், தூந்திர நிலத்தில் ஓடத்தக்க, மிகப் பெரிய சக்கரங்களைக் கொண்ட ஓர் உயரமான வண்டியைச் செய்தார். டண்ட்ரா பக்கி என்று பெயர். முதலில் புகைப்படக்காரர்களுக்காகவே அது ஓடியது. 1982இல் நேஷனல் ஜியாகிரஃபிக் எடுத்த தொலைக்காட்சிப் படம் சர்ச்சிலை உலகறியச் செய்தது. இன்று அவ்வண்டிகள் இராணுவம் முன்பு போட்டுவிட்டுப் போன தடங்களின் மீதே ஓட அனுமதிக்கப்படுகின்றன. எத்தனை வண்டிகள் ஓடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. உணவு போடக்கூடாது, இறங்கக்கூடாது. சன்னலுக்கு உள்ளே சூடான சூப்பு, வெளியே கரடி.

அந்தச் சன்னல் வழியே தெரிவது என்ன? கரடி படுத்திருக்கிறது. எழுந்து கொட்டாவி விடுகிறது. இரண்டு ஆண் கரடிகள் பின்னங்கால்களில் நின்று விளையாட்டாக மல்லுக்கட்டுகின்றன. வண்டியருகே வந்து மூக்கை நீட்டி மோப்பம் பிடிக்கிறது. பார்ப்பவர்கள் நெகிழ்ந்து போகிறார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் அவர்கள் காண்பது பனிக்கரடியின் வாழ்வையன்று, அது வாழக் காத்திருக்கும் இடைவெளியை மட்டுமே. துளையருகே கிடக்கும் பொறுமை, வேட்டை, வசந்தத்துப் புணர்ச்சி, வளைக்குள் குட்டி பிறப்பது யாவும் இருளிலும் கடல்நடுவிலும் மண்ணுக்கடியிலும் நடக்கின்றன. முல்லைத்திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று வகுப்பறையில் நாம் பாடம் சொல்வது நினைவுக்கு வருகிறது. அங்கே கார்காலம் வந்தால் காத்திருப்பு முடியும். இங்கே கடல் உறைந்தால் முடியும்.

ஆனால் கடல் உறைவது தள்ளிப்போகிறது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் பனிக்கட்டி இல்லாத காலம் 1980களில் இருந்ததைவிடச் சராசரியாக மூன்று வாரங்களுக்கு மேல் நீண்டுவிட்டது. இப்பகுதிக் கரடிகளை அறிவியலாளர் இயன் ஸ்டிர்லிங்கும் அவருடைய சகாக்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கரடிகளின் எடையும் ஈனும் திறனும் குறைவதைப் பனிக்கட்டியின் குறைவோடு இணைத்து 1990களிலேயே எழுதினார்கள். 1987இல் இங்கே ஏறத்தாழ 1,194 கரடிகள் இருந்தன என்பது மதிப்பீடு. 2004இல் 935. 2016இல் 842. 2021இல் 618. கணக்கெடுக்கும் முறைகள் இடையில் மாறியுள்ளன. சில கரடிகள் அண்டைப் பகுதிக்கு நகர்ந்திருக்கவும் கூடும். எனினும் நீண்டகாலச் சரிவு தெளிவு. 2025இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு, இச்சரிவுக்குப் போதிய உணவாற்றல் கிடைக்காமையே காரணம் என்று விளக்கியது. வேட்டைக்காலம் சுருங்கினால் தாய்க்குப் பால் குறையும். பால் குறைந்தால் குட்டி நிலைக்காது.

கரையில் வேறு உணவு தின்று பிழைத்துக்கொள்ளாதா என்று நாம் கேட்கலாம். 2024இல் வெளியான ஓர் ஆய்வில் இப்பகுதியைச் சேர்ந்த 20 கரடிகளின் கழுத்தில் ஒளிப்படக் கருவி பொருத்திக் கோடையில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் கண்காணித்தார்கள். சில கரடிகள் அசையாமல் கிடந்தன. சில பெர்ரிப் பழம், புல், எலும்பு, பறவை எனத் தேடித் தின்றன. சில நெடுந்தொலைவு நீந்தின. இருபதில் பத்தொன்பது எடையிழந்தன. தேடி அலைந்ததால் கிடைத்தது தேடுவதற்கே செலவாயிற்று.

இங்கேதான் இப்பயணங்களின் மையத்திலுள்ள முரண் வெளிப்படுகிறது. பனிக்கட்டி தாமதித்தால் கரடிகள் கரையில் கூடுதல் நாட்கள் இருக்கும். பயணிகளின் பருவமும் நீளும். கரடியின் பட்டினிக் காலமே ஊரின் அறுவடைக் காலம். அங்கே போய்வரும் நெடுந்தூர விமானங்கள் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. இப்பயணங்களின் கரிச்சுமையை அளந்து ஜாக்கி டாசன் முதலிய ஆய்வாளர்கள் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரிப் பயணத்தைவிட இது பலமடங்கு அதிகம் என்பது அவர்கள் கண்டது. அழிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்னும் ஆசைக்கு 'இறுதி வாய்ப்புச் சுற்றுலா' என்று பெயரும் உண்டாகிவிட்டது. 2021இல் மின்சாரத்தில் ஓடும் டண்ட்ரா பக்கி வந்தது. நல்ல செய்திதான், ஆனால் சுமையின் பெரும்பகுதி வண்டியில் இல்லை, அதுவரை வந்து சேரும் விமானத்தில் இருக்கிறது.

ஊர்க்காரர்களைக் குறை சொல்லி ஒதுங்கிவிடவும் நம்மால் இயலவில்லை. 2016இல் துறைமுகத்தின் தானிய ஏற்றுமதி நின்றது. 2017 மேயில் வெள்ளம் இரயில் பாதையை அரித்துவிட்டது. 2018 இறுதியில்தான் இரயில் மீண்டது. அந்த ஒன்றரை ஆண்டு அவ்வூருக்குக் கைகொடுத்தவற்றுள் விமானத்தில் வந்த பயணிகளும் அடக்கம். சுட்டுத் தள்ளிய காலத்தைவிடப் பார்த்து மகிழும் காலம் மேலானது என்பதையும் மறுக்க முடியாது. கரடி உயிரோடு இருப்பதால் ஊருக்குச் சோறு என்னும் நிலை வந்தபின்னரே அங்கே துப்பாக்கி கடைசித் தீர்வாயிற்று.

சர்ச்சிலுக்கு வடக்கே அர்வியட் முதலிய ஊர்களில் வாழும் இனுயிட் மக்களின் பார்வை வேறு. அவர்கள் கரடியைச் சன்னலுக்குள்ளிருந்து பார்ப்பவர்கள் அல்லர். அளவு வகுத்து வேட்டையாடுகிறார்கள். கரடியால் உயிரும் இழக்கிறார்கள். 2018 கோடையில் அர்வியட் அருகே ஒருவர் தம் பிள்ளைகளைக் காக்க முயன்று கரடியிடம் இறந்தார். கரடிகள் குறையவில்லை, ஊர்ப்பக்கம் அதிகம் வருகின்றன என்பது அம்முதியவர்கள் பலர் சொல்லிவருவது. பசித்த கரடி ஊர்ப்பக்கம் வருவதால் அப்படித் தோன்றுகிறது என்பது அறிவியலாளர் பலரின் விளக்கம். இருதரப்பும் பார்ப்பது ஒரே கரடியைத்தான். ஒருவர் அதைக் கணக்கில் பார்க்கிறார், மற்றவர் வாசலில் பார்க்கிறார்.

பார்ப்பதற்கு எத்தனை தூரம் சரி என்பதும் இன்று சட்டமாகிக் கொண்டிருக்கிறது. பனிக்கரடியைக் காணப் பயணிகள் திரளும் மற்றோர் இடம் நார்வேக்கு வடக்கேயுள்ள ஸ்வால்பார்ட் தீவுகள். அங்கே 1973 வரை கரடி வேட்டைக்கு வெளியூர்க்காரர்கள் கப்பலில் வந்துபோன காலம் உண்டு. 2025 சனவரி முதல் அங்கே கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். கயிற்றின் நீளத்தை அரசாணை நிர்ணயித்த காலத்திலிருந்து, விலகி நிற்கவேண்டிய தூரத்தைச் சட்டம் நிர்ணயிக்கும் காலத்துக்கு வந்திருக்கிறோம். இம்முறை கட்டுண்டவர்கள் நாம்.

நவம்பரில் ஏதோ ஓர் இரவில் வடமேற்குக் காற்று வீசும். கரையோரத்துப் பனிக்கட்டி இறுகும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கரடிகள் ஒவ்வொன்றாகக் கடல்மீது நடந்து, கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் போய்விடும். அதன்பின் வரும் வண்டிகளிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெறும் வெண்பரப்பே தெரியும். பணம் செலவழித்து வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். கரடிக்கு அதுவே ஆண்டின் முதல் நல்ல நாள். அந்த நாள் சீக்கிரம் வரவேண்டும் என்று விரும்பக் கற்றுக்கொள்வதே இவ்விலங்கின் மீது நாம் காட்டக்கூடிய அன்பு.